காவல்துறையின் நிரந்தரத் திருடன்

எனக்குக் காவல்துறையில் திருடன் வேலை. சம்பளம், சீருடை, விடுப்பு எல்லாம் உண்டு. பெண் பார்க்கப் போனபோது என் அக்கா, "தம்பி போலீஸ்ல இருக்கான்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். கல்யாணம் முடிந்த பிறகுதான் என் மனைவிக்கு முழு விவரமும் தெரிந்தது. நாய்ப் பிரிவில் நான் ஓடுவேன், நாய் துரத்தும், என் இடது கையில் மாட்டியிருக்கும் பஞ்சுக் கையைக் கவ்வும், நான் விழுவேன். நாய்களுக்குப் பயிற்சி, எனக்குப் பிழைப்பு. அன்றிலிருந்து மச்சான் வீட்டுக்கு வந்தால் கேட்பது ஒன்றுதான்.

"என்ன மாமா, இன்னைக்கும் மாட்டிக்கிட்டீங்களா?"

மாட்டாமல் என்ன செய்வது? தொப்பை முன்னால் போகிறது, நான் பின்னால் ஓடுகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு நாயிடமிருந்தும் தப்பித்ததில்லை. என் அளவுக்கு நேர்மையான திருடனை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

எங்கள் பிரிவில் ஒரு நாயை மாப்பிள்ளை என்று கூப்பிடுவோம். தட்டை வைத்தால் உடனே வாய் வைக்காது. ரெண்டு தடவை கெஞ்ச வேண்டும், அப்படியொரு முறுக்கு. அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் ஒரு பெண் காவலர். என்னை அண்ணே என்பாள். மாப்பிள்ளை திருடனைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் கவ்வியதை 'விடு' என்றால் விட வேண்டும், போட்டியில் அதுதான் முக்கியம். அங்கேதான் சறுக்கும். இரண்டு போட்டிகளில் தோற்றாகிவிட்டது. மூன்றாவதிலும் தோற்றால் பிரிவிலிருந்து நீக்கி, ஊருக்கு வெளியே உள்ள கிடங்கில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவோம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் மைதானத்தில் அது சொன்னவுடன் விடும். நான் மூச்சிரைத்துக்கொண்டு நிற்பேன், அவள் 'விடு' என்பாள், அதுவும் விட்டுவிட்டு உட்காரும். போட்டி மைதானத்தில்தான் கோளாறு. கூட்டத்தைப் பார்த்து மிரளுகிறது என்று முடிவு செய்தோம். டிரைவர்கள், சமையல்காரர்கள், கிளார்க்குகள் எல்லாரையும் கூட்டி வந்து சுற்றி நின்று கைதட்டச் சொன்னோம். அவ்வளவு சத்தத்திலும் மாப்பிள்ளை அழகாக விட்டது. எல்லாம் என் நடிப்புத் திறமை என்று நான் மனசுக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

போட்டியில் சொந்தப் பிரிவின் திருடன் ஓடக் கூடாது என்பது விதி. மூன்றாவது போட்டிக்கு வேறு பிரிவிலிருந்து ஓர் இளைஞன் வந்திருந்தான். வாட்டசாட்டமான உடம்பு. மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. பார்க்கவே எரிச்சலாக இருந்தது. மாப்பிள்ளை பாய்ந்து பஞ்சுக் கையைக் கவ்வியது.

"விடு!"

விடவில்லை.

"விடு!"

கவ்வியபடியே அந்த இளைஞனின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. எதற்கோ காத்திருப்பது போல இருந்தது. அவள் மூன்றாவது தடவை கத்துவதற்குள் நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார்.

இளைஞன் பஞ்சுக் கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதைக் கவ்விக்கொண்டே மாப்பிள்ளை அவளோடு வெளியே வந்தது. அதுவரை மைதானத்தின் எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த நான் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"அப்பாடா!"

மாப்பிள்ளை பஞ்சுக் கையைக் கீழே போட்டுவிட்டு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தது.

அவள் என்னையே பார்த்தாள். பஞ்சுக் கையை எடுத்து மறுபடி அதன் வாயில் கொடுத்தாள். "விடு" என்றாள். அது என் முகத்தைப் பார்த்தது.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க."

"அப்பாடா."

போட்டுவிட்டது.

ஒவ்வொரு நாளும் ஓடி முடித்து, அவள் வாய் திறக்கும் அதே நேரத்தில் நான் விட்ட 'அப்பாடா' என்ற பெருமூச்சுதான் அதற்குக் கட்டளை. அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். "தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனேண்ணே. கடைசில உங்க மூச்சைத்தான் கேட்டிருக்கு." எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அதிகாரியிடம் இரண்டு பேரும் கெஞ்சிப் பார்த்தோம். வயிறு குலுங்கச் சிரித்தார், ஆனால் மசியவில்லை. "திருடன் பேச்சைக் கேட்கிற நாயை வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

நியாயம்தான். ஆனால் கிடங்குச் சங்கிலியை நினைத்தபோது வாய் தானாகத் திறந்தது. "நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கய்யா." அவள் இருப்பது பெண் காவலர் விடுதி, அங்கே நாய்க்கு இடமில்லை.

"வேலில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான்" என்றாள் என் மனைவி. "ஆபீஸ்ல கடி வாங்கினது பத்தலையா?" திட்டிக்கொண்டே தட்டை வைத்து இரண்டு தடவை கெஞ்சவும் செய்தாள். இப்போது மச்சானின் செருப்பைக் கவ்விக்கொண்டு அது வீடெல்லாம் சுற்றுகிறது. நான் வந்து நாற்காலியில் சாய்ந்து 'அப்பாடா' என்றால்தான் அவன் வீட்டுக்குப் போக முடியும். இந்த வீட்டில் என் வார்த்தைக்கு மரியாதை கிடைத்திருப்பது இப்போதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் காவலர் அதைப் பார்க்க வந்தாள். மாப்பிள்ளை அவள் மேல் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டிவிட்டது. சாயங்காலம் கிளம்பும்போது அவள் பையின் வாரைக் கவ்விக்கொண்டது.

"விடுடா" என்றாள். குரலில் கட்டளையே இல்லை.

விடவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.