கமெராவுக்கு முன்னால் நான் கொட்டிய ‘ம்’

2005ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதமாக இருக்கவேண்டும். ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்புகள் நடக்கும் கட்டடம் ஒன்று இருந்தது. என் ஜேர்மன் மொழியைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளலாம் என்று போனேன். மொழி வகுப்பு நிரம்பிவிட்டது, ஆவணப்பட வகுப்பில்தான் ஒரு கதிரை காலி என்றார்கள். சும்மா திரும்பி வர மனமில்லாமல் அதில் பெயரைக் கொடுத்துவிட்டேன். “கலியாண வீட்டிலயே கமெராவைக் கண்டா ஒளிக்கிற ஆள் நீர்” என்று என் வீட்டுக்காரர் ஒரு கிழமை முழுதும் சிரித்தார்.

வகுப்பில் ஆறு பேர். என்னைத் தவிர எல்லோரும் ஜேர்மன்காரர். எங்கள் பகுதியிலேயே வசித்த ஒரு யூத அம்மாவின் கதையைப் படமாக எடுப்பதென்று முடிவாகியிருந்தது. அவருக்கு எழுபத்தைந்து வயது. பதின்மூன்று வயதில் தாயோடும் தங்கையோடும் நாசிகளின் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வந்தது அவர் ஒருவர்தான். அதைச் சொந்த மகளுக்குக்கூட அவர் சொன்னதில்லை. மகள்தான் எங்கள் ஆசிரியையிடம் வந்து, தனக்கும் தன் பிள்ளைகளுக்குமாக இதைப் பதிந்து தரும்படி கேட்டிருந்தார். தாயார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: ஒரே ஒரு நாள்தான் கமெராவுக்கு முன்னால் இருப்பேன், இரண்டாம் தரம் கேட்கக்கூடாது.

யார் கேள்வி கேட்பது என்பதில் சிக்கல் வந்தது. அந்தக் காலத்தைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே கேட்க மற்ற ஐந்து பேருக்கும் வாய் கூசியது. தன் தாத்தா அப்போது என்ன செய்தாரோ என்று ஒருவர் முணுமுணுத்தார். கடைசியில் எல்லோர் பார்வையும் என் பக்கம் திரும்பியது. ஆசிரியை ஒரேயொரு விதி சொன்னார். அவர் பேசும்போது நீங்கள் பேசக்கூடாது, தலையை மட்டும் ஆட்டுங்கள். இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

படம் எடுக்க அவர் வீட்டுக்குப் போன அன்று, மகள் முன்னால் இருந்தால் பேச்சு வராது என்று தாயார் அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டார். பிறகு இரண்டு மணித்தியாலம் தடையில்லாமல் பேசினார். முகாமைவிடத் தங்கையைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். தகப்பனின் கோப்பிக் கடையில் சீனிக் கிண்ணத்துக்குள் உப்பைக் கொட்டிவிட்டு, குடிக்க வந்தவர்களின் முகத்தை மேசைக்கு அடியிலிருந்து பார்ப்பாளாம். முகாமில் ஒரு துண்டுப் பாணுக்கு வரிசையில் நின்றபோதும் அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்களாம். அவள் இல்லாமற்போன காலையையும் சொன்னார். நான் சிரித்தேன், அழுதேன், சொன்னபடி தலையை ஆட்டினேன். ஒலிப்பதிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மட்டும் ஏதோ இரைகிறதென்று நடுவில் எழும்பிப் போய்க் குசினியில் ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு வந்தார்.

அடுத்த வகுப்பில் அதைப் போட்டுக் கேட்டோம். அந்த அம்மா ஒரு வசனம் சொல்கிறார், உடனே ஒரு “ம்”. அடுத்த வசனம், இன்னொரு “ம்”. சில இடத்தில் “ம்ம்ம்”. ஓரிடத்தில் தெளிவாகத் தமிழிலேயே “ஓம்”, அதாவது ஆமாம். மேசையில் வைத்த ஒலிவாங்கி எனக்குத்தான் கிட்ட இருந்திருக்கிறது. ஃப்ரிட்ஜின்மேல் பழி போட்டவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சத்தியமாக நான் பேசவில்லை. நமக்கு ‘ம்’ பேச்சா என்ன? ஒருவர் கதை சொன்னால் ம் கொட்டுவதுதானே கேட்கிறோம் என்பதற்கு அடையாளம். ஜேர்மன்காரரும் இடைக்கிடை சொல்வார்கள்தான், எனக்கோ மூச்சுக்கு ஒன்று. பல இடங்களில் அவருடைய வார்த்தைக்கு மேலேயே விழுந்திருந்தது. ஆசிரியை கோபிக்கவில்லை. தங்கை இறந்ததைச் சொல்லும் இடத்தில்தான் ‘ம்’ அதிகம், அதனால் வெட்டவும் முடியாது என்று மட்டும் சொன்னார். ஒரு தாய் மகளுக்காக ஒரேயொரு தடவை வாய் திறந்ததைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமும் அழுகையுமாக வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “டெலிபோனிலயும் நீர் அப்பிடித்தானே. உம்மட அக்கா அங்க கதைக்க, நீர் இஞ்ச ம், ம் எண்டு கொண்டிருப்பீர். எனக்கு நியூஸ் கேக்க ஏலாது” என்று தொடங்கியவர், என் முகத்தைக் கண்டதும் நிறுத்தினார். “நீரே போய்ச் சொல்லும். வேற ஆரும் சொல்லி அவ அறியக்கூடாது.”

போனேன். மகளும் இருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதும் மகளின் முகம் வாடிவிட்டது. தாயார் சிரித்தார். அவர் பேசியது ஜேர்மன்தான், ஆனால் என் மனதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். “அது எனக்கு அண்டைக்கே கேட்டது. சரி, செவ்வாய்க்கிழமை வாங்கோ, இன்னொருக்காச் சொல்லுறன்” என்றார்.

செவ்வாயன்று முன்னெச்சரிக்கையாக ஒரு பெரிய பெப்பர்மிண்ட் இனிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நாலு வசனம் சொன்னார், நிறுத்தினார். எனக்குச் சுகமில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நம் தலையாட்டலில் அவருக்கு ஓமா இல்லையா என்று விளங்கவில்லை. திரும்பத் தொடங்கினார். தங்கையின் பெயருக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கமெரா ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

“இப்பிடி எனக்கு ஏலாது” என்றார். “திரும்பி வந்த நாளையில ஆருக்குச் சொல்ல வெளிக்கிட்டாலும் எல்லாரும் இப்பிடித்தான் வாயை மூடிக்கொண்டு நிலத்தைப் பாப்பினம். பாவம், அவைக்கும் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. அதோட நானும் விட்டிட்டன். அண்டைக்கு நீங்கள் ம் எண்ட படியாத்தான் எனக்கு அடுத்தது வாயில வந்தது.”

ஆசிரியை எழும்பி வந்து, இனிப்பைத் துப்புவதற்கு ஒரு கடதாசிக் கைக்குட்டையை என் முன்னால் நீட்டினார்.

அன்றும் கடைக்கு அனுப்பப்பட்டிருந்த மகள் அதற்குள் திரும்பி வந்து கதவடியில் பையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. “அம்மா, அந்தக் கதிரையில நான் இருக்கட்டோ?” என்று கேட்டார். தாயார் அவரைக் கிட்ட வரும்படி கையைக் காட்டினார். “இரு பிள்ளை. ஆனா நிலத்தைப் பாக்காதை” என்றார்.

நான் எழும்பி இடம் விட்டேன். மகளுக்கு ம் கொட்டிப் பழக்கமில்லை. முதலாவது பிந்தி வந்தது, இரண்டாவது சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது. நான் கமெராவுக்குப் பின்னால் நின்று, பாட்டு வாத்தியார் மாதிரி விரலால் காட்டிக்கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு என் விரலை அவர் பார்க்கவேயில்லை. உப்புக் கதை வந்தபோது தாயும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தக் காலையைச் சொன்னபோது மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே, ஒரு வசனத்துக்கும் ம் தவறாமல் கேட்டு முடித்தார்.

படத்தில் மகளின் ‘ம்’களில் ஒன்றைக்கூட ஆசிரியை வெட்டவில்லை. முதன்முதலாகக் காட்டிய நாளில் பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் இருந்து, கண்டிராத சின்னப் பாட்டியின் உப்பு வேலையைக் கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்த கதையை, படிக்கிற பிள்ளைக்கு ஏன் என்று என் மகளுக்குச் சொல்லாமலே வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லத் தொடங்கினேன். இங்கே பள்ளிக்கூடம் போனவள் அல்லவா, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தாள். “ம் கொட்டு பிள்ளை, அப்பத்தான் அம்மாக்கு வரும்” என்றேன். பக்கத்தில் ஒருவர் கேட்கிறேன் என்று குரல் கொடுத்தால், அறுபது வருடம் பூட்டிக் கிடந்ததுகூட வெளியே வரும் என்பதை நான் கண்ணால் கண்டவள். அதனால்தான் இன்றும் யாராவது மனம்விட்டுப் பேச வந்தால், எத்தனை வேலை கிடந்தாலும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.