கண்ணாடியின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி

ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் எனக்கு வேலை, விரிசல் பார்ப்பது. எஞ்சினுக்குப் போகும் பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தலைமுடி அளவு கீறல் தெரிந்தாலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிடுவேன். சிவப்பு விழுந்த பாகம் வெளியே போகாது. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் விடமாட்டேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அப்படிப்பட்டவன் முன்கண்ணாடியில் அடிபட்ட காரைப் பதினொரு மாதம் ஓட்டினேன் என்று தெரிந்தால் கம்பெனியே சிரிக்கும். அதனால் அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை.

என் மனைவி நர்ஸ். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். நான்தான் பெங்களூரு விமான நிலையத்துக்குக் காரில் கூட்டிப் போனேன். அத்திப்பள்ளி தாண்டியதும், முன்னால் போன டிப்பரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து அவள் உட்கார்ந்திருந்த பக்கம் கண்ணாடியின் கீழ் மூலையில் பட்டது. மிளகு அளவு குழி, சுற்றிலும் பொடிக் கீறல்கள். டிப்பர்காரனின் ஏழு தலைமுறையையும் நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, "வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாள்.

இறங்கினாள். கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து, பானெட்மேல் சாய்ந்து அந்தக் குழியில் ஒரு சொட்டு வைத்தாள். வார்டில் நகத்துக்குப் பூச விடமாட்டார்கள், லீவு நாளில்தான் பூசுவாள். நல்ல சிவப்பு. வாயால் ஊதிக் காயவைத்துவிட்டு, "இப்போதிக்கு உள்ள தூசி போவாது. வாங்க, லேட்டாவுது" என்றாள்.

விமான நிலையத்தில் கை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது பக்கத்து சீட்டைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன். சீட்டுக்கு நேராகக் கண்ணாடியில் அந்தப் புள்ளி இருந்தது. ஓசூர் வந்து சேரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் குனிந்து பார்த்து, "சின்னதுதான் சார். பசை ஏத்திட்டா நின்னுடும், அரை மணி நேர வேலை" என்றார். பிறகு ஒரு பிளேடை எடுத்தார். "இந்த நெயில் பாலிஷ சுத்தமா சுரண்டணும், இல்லன்னா பசை உள்ள இறங்காது." பிளேடு அந்தச் சிவப்பைத் தொடப் போனது. "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த டீயை இன்னும் குடிக்கவில்லை.

அதன்பிறகு என் பிழைப்பே அந்தக் கண்ணாடியைக் காப்பாற்றுவது என்றாகிவிட்டது. மார்கழிக் காலையில் ஓசூர்ப் பனி கண்ணாடியை மூடிவிடும். குளிர்ந்த கண்ணாடியில் திடீரென்று சூடான காற்று பட்டால் கீறல் ஓடும் என்பதால், ஹீட்டரைப் போடாமல் துணியால் துடைப்பேன். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியைத் திருப்பமாட்டேன். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்வையோடு நிற்பேன். கதவை அறைந்து சாத்தமாட்டேன். டிப்பரைக் கண்டால் அரை பர்லாங் பின்தங்கிவிடுவேன். கல்யாணமான புதிதில்கூட நான் இவ்வளவு பதவிசாக நடந்துகொண்டதில்லை.

அவள் தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். சாப்பிட்டேனா, தண்ணீர் வந்ததா, சிலிண்டர் தீர்ந்ததா என்று பேச்சு போகும். "கண்ணாடி சரி பண்ணிட்டீங்களா?" என்று முதல் மாதம் ஒருமுறை கேட்டாள். "ஆச்சு" என்றேன். நீ இல்லாமல் வீடு பிடிக்கவில்லை என்று மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அங்கே அழுவாள் என்பது ஒரு காரணம். எனக்குச் சொல்ல வராது என்பதுதான் நிஜமான காரணம்.

போன மாதம் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகவேண்டியிருந்தது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய மண் பாதையில் இடது முன்சக்கரம் பஞ்சர். கார் தூக்கும் முறை எனக்குத் தெரியாததில்லை, கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவனே நான்தான். சமதளத்தில் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே இளக்க வேண்டும். ஜாக்கிக்கு அடியில் பலகை வேண்டும். அன்றைக்கு நேரமாகிவிட்டது, மேனேஜர்மேல் கோபம் வேறு. சரிவிலேயே, செம்மண்ணிலேயே ஜாக்கியை வைத்துச் சுற்றினேன்.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஜாக்கி ஒருபக்கமாக மண்ணில் இறங்கியது. கார் ஒரு விரற்கடை சரிந்து குலுங்கி நின்றது. கண்ணாடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். சிவப்புப் புள்ளியில் தொடங்கி மேல் விளிம்புவரை கீறல் ஓடியிருந்தது.

பக்கத்துத் தக்காளித் தோட்டத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். "மட்டிலோ ஜாக்கி பெடதாரா அண்ணா?" என்றார் தெலுங்கில். மண்ணிலா ஜாக்கி வைப்பார்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்! என் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினார். மோட்டார் கொட்டகையிலிருந்து கனமான பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். ஜாக்கியை இறக்கி, வண்டியைச் சமமான இடத்துக்குத் தள்ளி, பலகைமேல் மறுபடி வைத்துத் தூக்கினோம். நட்டுகளை அவரே முடுக்கினார். சரிந்தபோது என் கால் எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் என் கண் கண்ணாடியிலேயேதான் இருந்தது.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். "டீ குடிச்சாச்சா சார்?" என்றார் கடைக்காரர். ஆள் மறக்கவே இல்லை. இனி பசைக்கு வேலையில்லை, முழுக் கண்ணாடியும் மாற்ற வேண்டும் என்றார். வேலையைத் தொடங்கும் நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு. போனில் எனக்குப் பின்னால் கார் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"பதினோரு மாசமா அதோடவா ஓட்டுனீங்க? ஆச்சுன்னு சொன்னீங்களே!" என்று கத்தினாள். "உங்க கம்பெனில சிவப்பு வெச்சா என்னங்க அர்த்தம்? அத அப்படியே ஓட விடுவீங்களா? நீங்க தெனமும் சொல்றதுதானேன்னுதான் சிவப்பு வெச்சன். பாக்கறப்பல்லாம் உறுத்தும், சீக்கிரம் மாத்திடுவீங்கன்னு வெச்சன்."

தினமும் நான் வைக்கிற புள்ளி அது. அவள் வைத்தபோது மட்டும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"அத சுரண்டிட்டா நீ பக்கத்துல இல்லாத மாதிரி ஆயிடும்னு இருந்துச்சு" என்றேன். கடைக்காரரும் அவருடைய ஆட்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "நீ இல்லாம எனக்கு முடியல."

வார்டில் எங்கோ மணி அடிப்பது கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள்.

"இன்னும் ஒரு வருசந்தாங்க. நான் வர்றப்ப நீங்க முழுசா இருக்கணும். அதுக்குத்தான வெச்சன்."

கடைக்காரர் கண்ணாடியின் விளிம்புப் பசையை அறுக்கப் பிளேடோடு நின்று என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.