முதலிடத்தில் என் மூன்றெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சால்ட்ரிங் பேஸ்ட் கருகும் வாசனை வந்தது. கூடவே எனக்கு வயிற்றெரிச்சலும் ஆரம்பித்துவிட்டது. ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து அவனைப் பார்த்தால் எனக்கு இப்படித்தான். மருந்து கிடையாது.

மேஜைமேல் பச்சை நிறத்தில் பெரிய சர்க்யூட் போர்டு ஒன்று, பக்கத்தில் பழைய டி.வி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்தக் காலத்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே விண்கலத்தைச் சுடும் ஆட்டத்துக்கென்று ஆளுயரப் பெட்டி நிற்கும். அந்தப் பெட்டிக்குள் இருந்த போர்டைத்தான் இவன் மறுபடி செய்திருக்கிறான். அதன் பழைய போட்டோக்களைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்து, அச்சடிக்கக் கொடுத்து, இப்போது யாரும் தயாரிக்காத ஐ.சி. சிப்புகளைத் தேடிப் பிடித்து, எல்லாம் தன் கையாலேயே பற்றவைத்திருக்கிறான். ஐம்பது தாண்டிய மனுஷன் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துத் தின்றுவிட்டுத் தூங்கக் கூடாதோ?

"ஒரு கோடு மாறிட்டாலும் படம் வராதுலே" என்றான்.

வராமலே போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். வாயில் "அடேயப்பா" என்றுதான் வந்தது.

பேஸ்ட் புகை மூக்கில் ஏற ஏற எனக்குத் தீப்பெட்டி மருந்தின் நெடி ஞாபகம் வந்தது. அப்போது நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். அவன் டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மருந்து வாடை போகாத சட்டையோடு நேரே அந்தப் பெட்டிமுன் போய் நிற்பேன். படிப்பும் பாட்டும் கையெழுத்தும் அவனுக்குத்தான் வரும். அந்தப் பெட்டியின் ஸ்கோர் பட்டியலில்கூட முதலிடத்தில் அவன் பெயரின் மூன்று இங்கிலீஷ் எழுத்துதான் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை நான் அவனை முந்திவிட்டேன். என் மூன்றெழுத்தைப் பதித்துவிட்டு டி.வி. கடைக்கு ஓடி, அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கேம் கடை வாசலை மிதிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மறுபடி கரண்ட் வந்தபோது பெட்டி எல்லாப் பெயரையும் மறந்திருந்தது. அந்தப் பெட்டிகளின் குணம் அப்படி.

கடைக்கார அண்ணாச்சியிடம் சாட்சி கேட்டேன். "நான் எங்க பாத்தேன்? இங்கன மெழுவத்தி தேடிக்கிட்டு நிக்கேன், போங்கலே" என்றார். ஜெபராஜ் என் தோளில் கை போட்டு, "நீ சொன்னா சரிதாம்லே" என்றான். நம்பாமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"ஆடுதியாலே?" என்றான் இப்போது.

இத்தனை வருஷம் கழித்து வந்த வாய்ப்பு. விடுவேனா? டீ ஆறுவதற்குள் என் விண்கலம் மூன்றும் காலி. திரையில் அவன் முதலில், அவன் மகள் இரண்டாவது, நான் கடைசி.

"போகட்டும், கரண்ட் போனா அழிஞ்சிரும்லா" என்றேன்.

"அழியாதுலே. பேட்டரி வச்சிருக்கேன். அன்னைக்கு அழாத கொறையா நின்னியே, அத நெனச்சுத்தான் வச்சேன்."

இதற்குமேல் ஒருவனை எப்படித்தான் வெறுப்பது? கடை போயிற்று, அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். இவன் எல்லாவற்றையும் திரும்பச் செய்துவிடுவான். நான் இவனை ஜெயித்த அந்தச் சனிக்கிழமை மட்டும் எந்தப் போர்டிலும் கிடையாது.