ரோஸ்லின் டீச்சர் கேட்ட முப்பத்தெட்டுக் குரல்கள்

ரோஸ்லின் டீச்சர் எங்கள் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தது 12-6-2000, திங்கட்கிழமை, முற்பகல். மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் சாலையோரம் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் அங்கே எழுத்தர். என் மேசையிலிருந்து எட்டாம் வகுப்பு அறை நாற்பத்திரண்டு அடி.

அவர் செய்யுளை ராகம் போட்டு ஓர் அடி பாடுவார். வகுப்பு முழுவதும் திருப்பிப் பாடும். ஒவ்வோர் அடியும் மூன்று முறை. அந்தச் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். தாமதமாக வரும் பிள்ளைகளைக் கண்டக்டர் விரட்டுவார்: "எறங்கு, எறங்கு. டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க, இன்னும் ஜன்னல்ல இன்னா வேடிக்க?" கடிகாரம் நின்றுபோன நாட்களில் நானே அந்தப் பாட்டை வைத்து மணி சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் காலை வேலையை அதைக் கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

2022 பிப்ரவரியில் அவர் குரல் கிழியத் தொடங்கியது. ஜூலை 2, சனிக்கிழமை, புதுச்சேரியில் டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். உரக்கப் பேசக் கூடாது, பாடவே கூடாது. நான்கு நாள் கழித்து, புதன்கிழமை, டீச்சர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். விருப்ப ஓய்வு கேட்டு எழுதிய கடிதம்.

"பதிஞ்சிடுங்க சார்" என்றார். காற்றுதான் வந்தது.

"ஏன் டீச்சர்? இன்னும் ஒம்பது வருசம் இருக்குது."

"பாட முடியாத தமிழ் டீச்சர் எதுக்கு சார்? புள்ளைங்க மொகத்த பாத்துக்கினு உக்காந்திருக்கவா?"

கடிதத்தைப் படித்தேன். கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. "தேதி போடாத கடுதாசிய தபால் ரிஜிஸ்டர்ல ஏத்த முடியாது டீச்சர்."

"நீங்களே போட்டுக்கோங்க."

"இன்னொருத்தர் கடுதாசிக்கு நான் தேதி போட்டதில்ல."

பேனாவை எடுத்தவர் மூடி வைத்துவிட்டார். "சரி. காலாண்டுப் பரீட்சை முடியட்டும், போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் உங்க டிராயர்லயே இருக்கட்டும்."

கம்ப்யூட்டர் லேப் அறிவியல் ஆசிரியர் தென்னரசுவின் பொறுப்பில் இருந்தது. பதினோரு கணினி, ஓடுவது ஒன்பது. மூன்று வருடமாக டீச்சர் அதன் வாசலை மிதித்ததில்லை. தென்னரசு வந்து கூப்பிட்டார். "லேப்புக்கு வாங்க டீச்சர். வாயத் தொறக்காமலே பாடம் நடத்தலாம்."

"நீங்க செருப்பு கழட்டச் சொல்லுவீங்க."

"மாதா கோயிலுக்குக் கழட்டறீங்க இல்ல? எங்க கம்ப்யூட்டருக்கு அந்த மரியாத கூடவா கெடையாது?"

முதலில் டீச்சர், வேறு யாரோ ஒரு பெண் பாடிப் பதிந்த செய்யுளை ஸ்பீக்கரில் போட்டார். முதல் நாள் வகுப்பு கேட்டது. இரண்டாம் நாள் கடைசி பெஞ்சு தூங்கிவிட்டது. டீச்சர் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு என்னைவிட நல்லாத்தான் பாடுது சார். ஆனா எந்தப் புள்ள பாடுது, எது சும்மா இருக்குதுன்னு அதுக்குத் தெரியாதே." நான் ஆமாம் என்றேன்.

பிறகு தென்னரசு குரல் பதியும் வழியைக் காட்டினார். பிள்ளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடத்தை வாசிக்க வேண்டும். அது வரிசை எண் போட்டுக் கணினியில் சேர வேண்டும். டீச்சர் அதை நோட்டில் பதினோரு படிகளாக எழுதிக்கொண்டார். பத்தாம் படியை, அதாவது சேமிப்பதை, முதல் நாள் விட்டுவிட்டார். "ஒம்பது புள்ளைங்களத் தொலைச்சிட்டேன் சார்" என்று முகம் வெளுத்து வந்து நின்றார். மறுநாள் அந்த ஒன்பது பேரும் மறுபடி வாசித்தார்கள். ஜூலை 29 அன்று எட்டாம் வகுப்பின் முப்பத்தெட்டுக் குரல்களும் சேர்ந்துவிட்டன.

அவற்றைச் செல்போனில் ஏற்றித் திண்டிவனம் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறார். வாசிக்கச் சொன்னது உரைநடைப் பாடத்தின் முதல் பத்தி. பதினான்காம் எண் அன்புச்செல்வி. முதல் பெஞ்சு, சேர்ந்து பாடும்போது எல்லோரையும் மிஞ்சும் குரல். பதிவில் அவள் ஒரு பிழையும் இல்லாமல் கணீரென்று சொல்லியிருந்தாள். ஆனால் சொன்னது பத்தியை அல்ல. இரண்டு பக்கம் முன்னால் இருந்த செய்யுளை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வாசிக்கவே வராது.

டீச்சர் எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். அவளைப் போல இன்னும் ஆறு பேர்.

திங்கட்கிழமை என்னிடம் கேட்டார். "நான் வந்ததுலேருந்து எட்டாம் வகுப்புல எத்தன பேரு சார்?"

சேர்க்கைப் பதிவேடுகளைக் கூட்டிச் சொன்னேன். "எழுநூத்தி தொண்ணூத்தி மூணு."

"அதுல எத்தன பேரு என் பாட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கினு போயிட்டாங்களோ."

அதற்கு என்னிடம் பதிவேடு இல்லை. அந்தப் பாட்டை நானும்தான் இருபத்திரண்டு வருடம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஏழு பேரும் லேபில் இருந்தார்கள். டீச்சர் திரையில் பத்தியைப் பெரிய எழுத்தாக்கி, ஒவ்வொரு சொல்லாக நிறம் மாற்றிக் காட்டக் கற்றுக்கொண்டார். பிள்ளை வாசித்துப் பதியும். தன் குரலைத் தானே கேட்கும். தடுமாறிய இடத்திலிருந்து திரும்பப் பதியும்.

ஒருநாள் தபால் கொடுக்கப் போனபோது அன்புச்செல்வி சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க கூட பாடுனா வருது மிஸ். தனியா பாத்தா எழுத்தெல்லாம் ஓடுது."

"ஓடட்டும். நாம பின்னாலயே போவோம். ஜல்தி ஒண்ணும் இல்ல" என்றார் டீச்சர். ஹெட்போனின் ஒரு பக்கம் அவர் காதில் இருந்தது. அந்தச் சன்னக் குரல் அந்த ஒரு பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகஸ்டு 4 அன்று அன்புச்செல்வி ஒரு வரி வாசிக்க ஒரு நிமிடம் ஐம்பது விநாடி எடுத்தாள். செப்டம்பர் 28 அன்று அதே நேரத்தில் ஒன்பது வரி. இரண்டையும் டீச்சரே எனக்குப் போட்டுக் காட்டினார்.

30-9-2022, வெள்ளிக்கிழமை. காலாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது. டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தேன். "தேதி போடணும் டீச்சர்."

டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் காலியாத்தான இருக்குது" என்று பேனாவை எடுத்தார். ஏழாம் வகுப்பிலும் பதிவு செய்து முடித்திருந்தாராம். வாசிக்க வராத ஐந்து பேரின் பெயரை அதில் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தக் கடிதம் தபால் பதிவேட்டில் ஏறவே இல்லை.

நான் 31-5-2023 அன்று ஓய்வு பெற்றேன். போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாகப் பள்ளிக்குப் போனேன். பஸ்ஸில் இருக்கும்போதே காது பழைய வழக்கப்படி தயாராகிவிட்டது. நிறுத்தத்தில் இறங்கினேன், ஒரு சத்தமும் இல்லை. டீச்சரின் குரல் பாதிதான் திரும்பியது. அவர் பிறகு பாடவில்லை. லேபில் நாலாயிரத்துக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன என்று தென்னரசு சொன்னார். ஒன்றில்கூட டீச்சரின் பாட்டு இல்லை. பள்ளியின் உடைந்த நாற்காலியைக்கூட எழுதி வைத்தவன் நான். நாற்பத்திரண்டு அடி தூரத்தில் இருந்த அந்தக் குரலைப் பதிந்து வைக்க எனக்கும் தோன்றவில்லை.

லேப் வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே ஒன்பது பிள்ளைகளின் உதடுகள், ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் அசைந்துகொண்டிருந்தன.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், தேதி போட வந்தீங்களா?"

"அந்தத் தாள் இன்னும் இருக்குதா டீச்சர்?"

"இருக்குது. பின்பக்கமும் தீந்துபோச்சு. இப்ப ஓரத்துல எழுதிக்கினு இருக்கேன்."