சாம்பல்தீவுக் களப்பில் காற்றுத் தோணி

காலை ஏழு மணிக்கு மூதூரில் லாஞ்சி ஏறினேன். கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலையில் இறங்கியபோது மணி ஒன்பது. யுத்த காலம்; துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். கொஞ்சம் நின்று பார்த்ததற்கே காவற்காரன் விரட்டிவிட்டான். பதினைந்து சதம் கொடுத்துப் பஸ் ஏறி, ஐந்து மைல் தள்ளிச் சல்லியில் தங்கை பார்வதி வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் மச்சான் சிவம் மஞ்சள் ரப்பர் தோணி ஒன்றுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தார். கடலில் விழும் விமானக்காரர் ஏறித் தப்புவதற்கான தோணி அது. தாம் கூலிவேலை செய்யும் விமானப்படை முகாமில் கழித்துப் போட்டதை, துரையிடம் துண்டு எழுதி வாங்கி வந்திருந்தார். முன்பு மீனுக்காகவே கடலில் கிடந்த மனிதருக்குச் சும்மா உலாவ ஒரு தோணி கிடைத்ததில் ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. கலியாணமாகி ஆறு வருடம். ஒருநாளாவது பெண்சாதியைப் பக்கத்தில் இருத்தித் துடுப்புப் போட வேண்டுமாம்.

பார்வதியோ என்னோடு வெருகல் ஆற்றங்கரையில் பிறந்தும் தண்ணீருக்குப் பயந்தவள்.

“அண்ணா, நீங்கள் ஏறிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. நல்லமெண்டால் நானும் வாறன். இல்லாட்டி உந்த ரப்பரை வெட்டி ஒழுகிற கூரைக்கு விரிப்பன்.”

பாவம் மச்சான், என் வாயையே பார்த்தார்.

பத்தரைக்கு, வீட்டருகே கடலை ஒட்டிக் கிடக்கும் சாம்பல்தீவுக் களப்பில் தோணியை இறக்கினோம். உள்ளதைச் சொல்கிறேன்: மெத்தையில் இருக்கிற சுகம். நான் எழும்பி இடம் மாறியும் கவிழவில்லை. ஆனால் துடுப்பை ஒருமுறை வலித்தால் இடப்பக்கம் திரும்பும், மறுமுறை வலித்தால் வலப்பக்கம். சின்னக் காற்றுக்கே சுற்றத் தொடங்கிவிடும்.

“நேரை போகேலாதோ, மச்சான்?”

“எங்கை போகப்போறம்? அவசரமே?”

அதுவும் சரிதான். கடலுக்கு இது ஆகாது. களப்பில் பொழுதுபோக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பன்னிரண்டு மணிக்குக் கரை தட்டியதும் மச்சானுக்குப் பழக்கதோஷம். வள்ளத்தைக் கரையேற்றுகிற வேகத்தில் குதித்து, முனையைப் பிடித்துச் சிப்பி ஓடுகளின்மேல் ஒரே இழுவை. புஸ்ஸென்று காற்றுப் போயிற்று.

“ஐயோ, கெடுத்துப்போட்டன்!” என்று தலையில் கைவைத்து மணலில் இருந்துவிட்டார்.

பார்வதி வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். கையில் கத்தரிக்கோல். கூரைக்கு வெட்டத்தான் என்று தோணிக்கு முன்னால் போய் நின்றேன். மற்றக் கையில் பழைய சைக்கிள் டியூப்பும் பசையும்.

“உவர் இழுப்பாரெண்டு எனக்குத் தெரியும். அண்ணா, கவிண்டதோ?”

“இல்லை. சுத்தினது.”

“சுத்தினால் சுத்தட்டும்.”

டியூப்பில் ஒரு துண்டு வெட்டி அவளே ஒட்டினாள். பசை காய்ந்து, திரும்பவும் காற்றடிக்க மூன்று மணியாயிற்று. மச்சானின் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

“கரைக்கு வந்தால் நான்தான் முதல் இறங்குவன். நீங்கள் கையை மடியிலை வையுங்கோ.”

“ஓம், ஓம்!”

எங்கள் வெருகலில் வள்ளம் ஏறினால் அக்கரை போய்ச் சேருவோம். இவர்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிப் பஸ் வந்தது. போய்வருகிறேன் என்று கத்திக் கைகாட்டினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.