ஓடைப் பாதை

மலையேறப் பாதை தேர்ந்தெடுப்பதற்கு வளைகுடாக் கரையில் நாங்கள் இருந்த தேராவைப் போலப் பொருத்தமில்லாத ஊர் வேறு இருக்க முடியாது. பால்கனியில் நின்றால் கடல்கழியும் அதைக் கடக்கும் அப்ரா படகுகளும் தெரியும். மேடு என்று சொல்ல, கட்டடம் கட்டக் கொட்டிய மணல்தான். ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் எங்கள் ஹாலில் மலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆரம்பித்து வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தூரத்துப் பாலைவனத்தில், ருவைஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டும் சைட்டில் வெல்டர். விசா ஏற்பாடு செய்தது அப்பா. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப்பிலிருந்து யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வருவார். சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு, கோடை லீவில் எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்ன போடி மலையைத் தரையில் கட்டுவார். தலையணைகள் மலை, பாவாடை நாடாக்கள் பாதை. லாரி போகும் ரோடு ஒன்று. ஏலக்காய் மூட்டை சுமப்பவர்களின் ஓடைப் பாதை ஒன்று. செங்குத்தான பாறைப் பாதை ஒன்று. அண்ணனுக்குப் பாறைதான். நான் மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். "கொரங்குகூட இத்தன கெளை தாவாதுத்தா" என்பார் மாமா.

இடையில் இரண்டு மாதம் அவர் வரவில்லை. பிறகு கறுப்புக் கண்ணாடியோடு வந்தார், வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. சினிமா ஹீரோ ஆகிவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். சைட்டில் இரும்புத் துணுக்கு தெறித்து ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டே வருகிறது, கம்பெனி ‘கலாஸ்’, வேலை முடிந்தது, ஊருக்குப் போ என்று சொல்லிவிட்டது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். மிச்சப் பார்வை இருக்கும்போதே மலையேறி ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாராம். எங்களிடம் சொன்னது கண்வலி என்று மட்டும்.

அம்மா தண்ணீர் டம்ளரை மேஜையில் வைக்காமல் அவர் கையில் கொடுத்து, விரல்களை அதன்மேல் மூடிவிட்டாள். தடிமாடு மாதிரி வளர்ந்தவரை இப்படியா கொஞ்சுவது என்று எனக்குப் பொறாமை.

தலையணைகளை இந்த முறை அண்ணன் அடுக்கினான். "இன்னைக்கு முடிவு பண்ணிரணும் மாமா. எந்தப் பாதை?"

"ஓடைப் பாதைடா. மேல போற வரைக்கும் தண்ணிச் சத்தம் கூடவே வரும்."

"வழியெல்லாம் வெறும் காடு. பாறையில ஏறினாத்தான் வியூ."

"மேல போனா எல்லாப் பாதையிலயும் ஊரு தெரியும்டா."

அண்ணன் அப்பாவிடம் நியாயம் கேட்டான். "ஒங்க மாமன் சொல்றதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கொளுத்துகிற வெயிலில் அப்பா பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அந்த விசா தன் கையால் வந்தது என்பதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

லீவுக்குப் போனோம். மலையடியில் மாமா என் தோளில் கை வைத்தார். "நீதான் லீடரு. முன்னாடி நட." அண்ணனின் முகம் சுண்டிப்போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வழி நெடுகப் பரீட்சை வைப்பதுபோல் கேட்டுக்கொண்டே வந்தார். பலா மரம் வந்துவிட்டதா, காய்த்திருக்கிறதா, அடுத்த கல்லில் பாசி உண்டா? நான் டாண் டாணென்று பதில் சொன்னேன். அம்மா அவரை ஒட்டிப் பின்னாலேயே வந்தாள்.

மேலே காடு விலகி ஒரு திட்டு. மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தெரியுது பாப்பா?"

"ஒண்ணுமே தெரியல மாமா. வெள்ளையா இருக்கு."

"ஒனக்குமா?" என்றார் அவசரமாக. "நெசமாவா?"

"ஆமா மாமா, பனி."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பனிதானா! கலையட்டும், இருந்து பாத்துட்டே போவோம்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது. கீழே தெருக்களும் கோயில் கோபுரமும் பளிச்சென்று தெரிந்தன. அண்ணன் வாயைப் பிளந்து நின்றான். அம்மா எங்கள் இருவர் வாயையும் பொத்த வருவதுபோல் எழுந்தாள்.

"இன்னுமா கலையல, பாப்பா?" என்றார் மாமா.

"எப்பவோ கலைஞ்சிருச்சே மாமா! கோபுரம்கூடத் தெரியுது!"

அவர் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டார். "சரித்தா, எறங்குவோம்" என்று என் தோளைத் தேடிப் பிடித்தார்.

எல்லாம் தெரிய ஆரம்பித்த நேரத்தில் போய் இறங்கச் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே கோபம். கீழே வரும்வரை அவரோடு பேசவில்லை.