சென்னப்பனின் காருக்குத் தைத்த போர்வை

மேட்டகள்ளியில் சென்னப்பன் குடியிருக்கும் சந்து மேற்குப் பார்த்தது. உச்சி சாய்ந்தால் அங்கே ஆள் ஒதுங்க நிழல் உண்டு, கார் ஒதுங்கக் கிடையாது. காலையில் ரயில் நிலையச் சவாரி, சாயங்காலம் அரண்மனைப் பக்கம். நடுவில் அவருடைய வெள்ளி நிறக் கார் வாசலில் நின்று வெந்தது.

கர்நாடக எல்லையில் தமிழர் வாழும் மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு டைல்ஸ் பாலிஷ் போட வந்தவர் அவர். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஒத்துவராமல் ஸ்டியரிங் பிடித்தார். பல வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டிய பிறகு வாங்கிய சொந்த வண்டி, அதுவும் பழசு. வாங்கும்போதே கூரையில் பெயின்டுக்கு மேலிருக்கும் லேக்கர் மங்கியிருந்தது. போன கோடையில் ஓரமாகத் தோல் உரிவதுபோலக் கிளம்பியது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார்.

"சோத்தத் தின்னுட்டுப் போங்க. அதுக்கென்ன காய்ச்சலா?" என்பாள் மனைவி கனகா.

இந்த வருஷம் ஒரு நல்ல பேச்சு வந்தது. ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு ஹோட்டலில், விருந்தாளிகளுக்காக நிரந்தரமாக ஒரு காரை அமர்த்தப் போகிறார்கள். சம்பளத்தைவிட சென்னப்பனை இழுத்தது அந்த ஹோட்டலின் பேஸ்மென்ட். சவாரி இல்லாத நேரமெல்லாம் வண்டி அங்கேதான் நிற்குமாம். "குளுகுளுன்னு இருக்கு கனகா, நம்ம வீட்டவிட நல்லாருக்கு" என்றார். சித்திரை பிறந்ததும் வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

அதுவரை வண்டியைக் காப்பாற்ற வேண்டுமே. கனகா கார்மென்ட் கம்பெனியில் தையல்காரி. வீட்டிலும் ஒரு மிஷின் உண்டு. பரணிலிருந்து தம்பி கவின்ராஜின் கல்யாண ஃப்ளெக்ஸை இறக்கினாள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு நடுவில் சிரிக்க, சுற்றிலும் பெரியப்பா வீட்டுக் கைக்குழந்தை வரைக்கும் வட்டம் வட்டமாகப் படங்கள். வெட்டி, மடித்து, கண்ணாடிக்கு இடம் விட்டு, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துப் போர்வையாகத் தைத்துவிட்டாள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

"ஏன் திருப்பித் தெச்ச?"

"வெள்ளைன்னா வெயிலு தாங்குமுங்க. அதுவுமில்லாம நம்ம சனத்து மூஞ்சியில காக்கா எச்சம் போடணுமா?"

அதில் நியாயம் இருப்பதாகவே அவருக்கும் பட்டது. பங்குனி முழுக்கப் போர்வை வேலை செய்தது. ஒருநாள் சாயங்காலம் கோடையில் வரும் மாங்காய் மழை கொட்டியது. மறுநாள் சவாரி இல்லாததால் ஈரத்தோடு மூடிக் கிடந்த வண்டியை வெயில் வாட்டியது. மாலையில் போர்வையை இழுத்தபோது பிளாஸ்திரி பிய்வதுபோலச் சத்தம் வந்தது.

பானெட்டிலும் கூரையிலும் ஃப்ளெக்ஸின் நீலமும் சிவப்பும் ஒட்டியிருந்தன. கூரை நடுவில் கவின்ராஜ், தலைப்பாகை இடவலம் மாறி, சிரித்தபடி.

கனகா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். சென்னப்பன் துணியை நனைத்துத் தேய்த்தார், ஷாம்பூ போட்டுத் தேய்த்தார். கடைசியில், "உன்ற தம்பி எறங்க மாட்டேங்கறான்" என்றார்.

பெயின்டர் பழனி காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்து பானெட்டைச் சுத்தமாக்கிக் கொடுத்தான். கூரையில் பாதியிலேயே கையை எடுத்துவிட்டான். "லேக்கர் வெயில்ல செத்துப்போயிருக்குண்ணா. இதுக்கு மேல தேச்சா தகரம்தான் தெரியும்." மாப்பிள்ளை வெளிறினாரே தவிரப் போகவில்லை.

காட்டவேண்டிய நாள் வந்தது. மேனேஜர் கதவைத் திறந்து பார்த்தார், சீட்டை அழுத்திப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு படியேறி நின்று திரும்பினார்.

"இதேனப்பா, மேலே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்?" என்றார் கன்னடத்தில்.

மறைப்பதில் பயனில்லை. "நன்ன பாமைதா சார்" என்று மச்சினனைக் கன்னடத்திலேயே அறிமுகம் செய்துவைத்துவிட்டு, போர்வைக் கதையையும் சொன்னார். மேனேஜர் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பால்கனியில் காபி குடிக்கிற கெஸ்ட் கண்ணில் முதலில் இதுதான் படும். ஆகாது" என்றார்.

"கூரை மேல கேரியர் மாட்டிடறேன் சார். பெட்டி வைக்கவும் ஆச்சு, இவனும் மறைஞ்சுடுவான்."

"மாட்டிக்கொண்டு வா. மேலேயிருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

இரண்டு நாளில் கேரியர் மாட்டி, பெட்டி வழுக்காமலிருக்கக் கறுப்பு ரப்பர் விரிப்பும் போட்டு, வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மேனேஜர் மூன்றாவது மாடிக்குப் போனார். சென்னப்பன் மொட்டை வெயிலில், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து நின்றார். மேலே அவர் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்தார். பிறகு கையை நீட்டி பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவைக் காட்டினார்.

அன்றைக்கு வீட்டில் கேசரி. கனகா மிஷினில் உட்கார்ந்து போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை லீவுன்னா வண்டி இங்கதான நிக்கும்? இந்தத் தடவ உள்ளுக்குப் பழைய பெட்சீட்டு வெச்சு, காத்துப் போக ஓட்டையும் விட்டுத் தெச்சுடறேன்."

"நீ ஒண்ணும் தெக்க வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி வண்டிய அங்கயே விட்டுட்டு நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை என்னைய எதுல கோயிலுக்குக் கூட்டிப் போவீங்க?"

சென்னப்பன் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் பஸ்ஸுதான்" என்றார்.